மனநலக் கணக்கில் ஒரு தண்ணீர்க் குடம்

தாராவி தொண்ணூறடி ரோட்டில் திருநெல்வேலிப் பக்கத்து ஆள் ஒருவரை நிறுத்தி, "எப்படி இருக்கீங்கண்ணே?" என்று கேளுங்கள். "ஏதோ ஓடுது தம்பி" என்பார். அந்தப் பதிலுக்குள் நிம்மதி எத்தனை பங்கு, கவலை எத்தனை பங்கு என்று பிரித்துப் பார்ப்பதையே வேலையாகக் கொண்ட ஒரு துறை இருக்கிறது. உளவியல் படிக்கும் மாணவர்கள் வினாத்தாளும் பேனாவுமாக வீடு வீடாக ஏறி இறங்குவது அதற்காகத்தான்.

அவர்கள் அதிகம் நம்பும் வினாத்தாள்களில் ஒன்றை டேவிட் கோல்ட்பர்க் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1970களில் உருவாக்கினார். அதன் சுருக்க வடிவத்தில் 12 கேள்விகள். கவலையால் தூக்கம் கெடுகிறதா, முடிவெடுக்க முடிகிறதா, அன்றாட வேலையில் மனம் ஒட்டுகிறதா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள். மோசமான பக்கத்து இரண்டு பதில்களுக்கு ஒரு மதிப்பெண், மற்ற இரண்டுக்கும் பூஜ்யம். மொத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால், அவருக்கு மனச்சோர்வோ பதற்றமோ இருக்க வாய்ப்பு அதிகம் என்று கொள்வார்கள்.

இந்த வினாத்தாள் மும்பையின் கிழக்குக் கடலோரத்துக்கும் வந்தது. ஹார்பர் லைனில் ரே ரோடு பக்கம், துறைமுக நிர்வாகத்தின் நிலத்தில் இருக்கிறது கௌலா பந்தர். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களும் அங்கே உண்டு. தாராவி அரசு அங்கீகரித்த குடிசைப்பகுதி. கௌலா பந்தருக்கு அந்த அங்கீகாரம் இல்லை. ஆகவே அப்போது மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் கேட்கும் உரிமையும் இருக்கவில்லை. மோட்டார் வைத்து இழுத்து, நீளமான ஹோஸ் பைப்பில் விற்கிற தண்ணீரை மாநகராட்சிக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு கொடுத்து டிரம்மில் பிடித்து வைக்க வேண்டியிருந்தது.

அங்கே ஆய்வு செய்தது 'புகார்' என்ற அமைப்பு. மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழரான மானுடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை அதன் நிறுவனர்களில் ஒருவர். இந்த மாதிரிப் பகுதிகளிலேயே வளர்ந்த இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆய்வாளர்களாக்குவது புகாரின் வழக்கம். 'வெறுங்கால் ஆய்வாளர்கள்' என்று அவர்களுக்குப் பெயர். ஒற்றை அறை வீட்டில், பக்கத்து வீட்டுக்கும் காது கேட்கும் தூரத்தில், "ராத்திரி தூக்கம் வருதா அக்கா?" என்று கேட்பது லேசான காரியம் இல்லை. அந்தச் சந்துக்குள் நடந்து பழகியவர் கேட்டால்தான் கதவு முழுசாகத் திறக்கும் என்பது என் எண்ணம்.

ராம்நாத் சுப்பராமனும் சக ஆய்வாளர்களும் 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 521 பேரிடம் கேட்டதில் சுமார் 23 சதவீதம் பேர் வரம்பான 5 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் பெற்றிருந்தார்கள். ஏறத்தாழ நாலில் ஒருவர்!

என்னை அதிகம் அசத்தியது அவர்கள் அடுத்துச் செய்த வேலைதான். தண்ணீர், கழிப்பறை, வீடு இடிபடும் பயம் என்று குடிசைப்பகுதி வாழ்வுக்கே உரிய தொல்லைகளைத் தொகுத்து ஒரு தனி அளவுகோலை உருவாக்கினார்கள். மற்றக் காரணங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், இந்தத் தொல்லைகள் கூடக்கூட மன உளைச்சலும் கூடுவது தெரிந்தது. ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பு இது. எது எதற்குக் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் தலைக்குள் இருப்பதாக நாம் நினைக்கிற மனச்சுமையில் தண்ணீர்க் குடத்தின் சுமையும் சேர்ந்திருக்கிறது என்பதை எண்களோடு காட்டிவிட்டார்கள்.

இதில் நுட்பமான சிக்கல் ஒன்று. கோல்ட்பர்க் வினாத்தாளில் "வழக்கம்போலத்தான்" என்பது ஒரு பதில். அதற்கு மதிப்பெண் பூஜ்யம். பத்து வருஷமாகத் தூக்கமில்லாமல் இருப்பவர் "எப்பவும் போலத்தான்" என்று சொன்னால், தாளில் அவர் நலமாக இருப்பவர் ஆகிவிடுவார்! நாள்பட்ட துன்பத்தை இந்த வினாத்தாள் தவறவிடும் என்று ஆய்வாளர்கள் 1980களிலேயே எச்சரித்திருக்கிறார்கள். வழக்கமே தொல்லையாகிப்போன இடத்தில் அந்த 23கூடக் குறைவான எண்ணாக இருக்கலாம்.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் ஓர் ஆய்வும் உண்டு. ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் அவர் தந்தை எட் டீனரும் கொல்கத்தாவில் குடிசைவாசிகள், பாலியல் தொழிலாளர்கள், நடைபாதையில் வசிப்பவர்கள் என 83 பேரிடம் வாழ்க்கைத் திருப்தி பற்றிக் கேட்டு 2001இல் எழுதினார்கள். 1 முதல் 3 வரையான அளவில் 2 நடுநிலை, சராசரி 1.93. நடுநிலைக்குச் சற்றே கீழே, அவ்வளவுதான். குடும்பம், நட்பு பற்றித் தனியாகக் கேட்டபோது நடுநிலைக்கு மேலேயே போனது. இரண்டு ஆய்வும் மோதிக்கொள்ளவில்லை. பிள்ளைகளைப் பார்த்து மனம் நிறைகிற அதே அம்மாவுக்குத் தண்ணீர் வராத ராத்திரியில் தூக்கம் போகும். ஒரு கேள்வி முதலாவதைப் பிடிக்கிறது, மற்றது இரண்டாவதை.

மறுபடி தாராவிக்கு வருவோம். 2024 மார்ச்சில் அங்கே மறுசீரமைப்புக்காக வீட்டுக்கு வீடு கணக்கெடுப்பு தொடங்கியது. எந்தத் தளத்தில் குடியிருக்கிறார்கள், 2000க்கு முன்பு வந்ததற்குத் தாள் இருக்கிறதா என்பதைப் பொறுத்து, 350 சதுர அடி வீடு தாராவியிலேயே கிடைக்குமா என்பது முடிவாகும். வீடு கைமாறும் முன்பு ஒருமுறை, மாறிய பின்பு ஒருமுறை அதே மனிதர்களிடம் தூக்கத்தையும் கவலையையும் கேட்டுப் பதிவு செய்தால், கௌலா பந்தர் ஆய்வால் சொல்ல முடியாததை, அதாவது எது எதற்கு முன்னால் வருகிறது என்பதை, ஓரளவாவது சொல்லலாம். மாட்டுங்கா ருயியா கல்லூரியும் சயான் எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. செம்பூர் தாண்டினால் டாட்டா சமூக அறிவியல் கழகம். அங்கெல்லாம் படிக்கிற தாராவிப் பிள்ளைகள் அந்த வினாத்தாளைக் கையில் எடுக்க வேண்டும், முதல் வீடு இடிபடுவதற்குள்.