சிறிமாவோவைப் பற்றி யாரிடம் கேட்பது?

உலகின் முதல் பெண் பிரதமர் யார்? கோத்தகிரிப் பக்கத்தில் நான் பாடம் நடத்திய பள்ளியில் பொது அறிவுப் போட்டி என்றால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். "சிறிமாவோ பண்டாரநாயக்க, இலங்கை, 1960" என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகளில் பலருடைய தாத்தா பாட்டி, அதே சிறிமாவோ போட்ட கையெழுத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை விட்டுக் கப்பலேறி வந்தவர்கள். நானும் அப்படி வந்த குடும்பத்துப் பெண்தான். பாடத்திட்டத்துக்குள் நின்று சொல்ல முடியாததை, ஓய்வுபெற்ற பிறகாவது எழுதிவிட நினைத்தேன்.

ஒரு முன்னாள் பிரதமரை மதிப்பிடும்போது வெளிநாட்டில் என்ன பெயர் எடுத்தார், உள்நாட்டில் என்ன செய்தார் என்று இரண்டாகப் பிரித்து எழுதுவது வழக்கம். சிறிமாவோவைப் பற்றி வரும் கட்டுரைகளும் அப்படித்தான் இருக்கின்றன. உலக அரங்கில் உயர்ந்து நின்றார், உள்ளூரில் தடுமாறினார் என்று முடிப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு இந்தப் பிரிவினை உதவாது. 1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் அவரும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை இதில் எந்தப் பக்கத்தில் எழுதுவது? வெளியுறவில் அது அவருடைய பெரிய வெற்றி. உள்ளே அது லட்சக்கணக்கான வீடுகளை உடைத்த காகிதம். இரண்டும் ஒரே காகிதம்.

அவருக்குச் சேர வேண்டிய பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1959 செப்டம்பரில் கணவர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க ஒரு பிக்குவால் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சிறிமாவோ மூன்று பிள்ளைகளுடன் வீட்டில் இருந்தவர். அடுத்த ஆண்டு ஜூலையில் நாட்டின் பிரதமர். 1962 இந்திய-சீனப் போர் முடிந்த கையோடு இலங்கை, பர்மா, கம்போடியா, இந்தோனேசியா, எகிப்து, கானா ஆகிய ஆறு நாடுகளைக் கொழும்பில் கூட்டி, சமரச யோசனைகளை வகுத்து, தானே பீக்கிங்குக்கும் டெல்லிக்கும் கொண்டுபோனார். எண்ணெய் நிறுவனங்களைத் தேசியமயமாக்கியதற்காக 1963-ல் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அப்போதும் அவர் பின்வாங்கவில்லை. 1971-ல் ஐ.நா. சபையில் இந்துமாக்கடலை அமைதி வலயமாக அறிவிக்கக் கேட்டார். அந்த டிசம்பரிலேயே தீர்மானம் நிறைவேறியது. 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் மாநாடு கொழும்பில் நடந்தது. சீனா கட்டிக்கொடுத்த மண்டபத்தில், அத்தனை நாட்டுத் தலைவர்களுக்கும் நடுவே தலைமை நாற்காலியில் அவர் அமர்ந்திருந்தார். சின்னஞ்சிறு தீவின் பிரதமர், அதுவும் ஒரு பெண். அந்தப் பெருமை உண்மையானது. அதில் ஒரு துளியையும் நான் குறைக்கமாட்டேன்.

எங்களை நாடற்றவர்களாக ஆக்கியதும் அவரல்ல. அதைச் செய்தது சுதந்திர இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் அரசு. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்கால் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பிடித்தது. வேறு பல தொகுதிகளில் அந்த வாக்குகள் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. மூன்று நான்கு தலைமுறையாகக் காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள், பிறப்புப் பத்திரம் காட்ட முடியாததால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். விரும்பி வருபவர்களை ஏற்கலாம், மற்றவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பதே நேருவின் நிலை. 1964 மே மாதம் நேரு இறந்தார். சாஸ்திரி பொறுப்பேற்றார். ஐந்தே மாதத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

கணக்கு இதுதான். நாடற்றவர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். அவர்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பத்து ஆண்டு கழித்து அந்த மிச்சத்தை இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஏழு பேர் இங்கே, நான்கு பேர் அங்கே என்பது விகிதம். முதலில் ஏழு பேர் இந்தியக் குடிமக்களாகப் பதிவானால் நான்கு பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்று 1967 சட்டம் சொன்னது. சிறிமாவோ திரும்ப ஆட்சிக்கு வந்ததும், 1971-ல், அது மாற்றப்பட்டது. ஏழு பேர் கப்பலேறிப் போன பிறகுதான் நான்கு பேருக்குக் குடியுரிமை. ஒரு குடும்பத்தின் உரிமை, இன்னொரு குடும்பம் எப்போது படியிறங்கும் என்பதில் தொங்கியது. அந்தத் திருத்தத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எங்கள் தாத்தா கேட்டது இலங்கைப் பிரஜாவுரிமை. அவரும் மஸ்கெலியாவில்தான் பிறந்தார், அவருடைய அப்பாவும் அங்கேதான். மனு தள்ளுபடியானது. பிறகு கண்டியில் இருந்த இந்தியத் தூதரகக் கிளையில் வரிசையில் நின்றோம். குடும்பத்தோடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒட்டிய கடவுச்சீட்டும், குடும்ப அட்டையும் கைக்கு வந்தன. அந்த அட்டையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். மடித்த இடம் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டியிருக்கிறது. குடும்பத் தலைவர் பெயர், உறவு, வயது, எந்தத் திட்டத்தில் குடியேற்றம் என்று வரிசையாக இருக்கும். அதில் அத்தையின் பெயர் இல்லை. இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர் அவர். ஆகவே அவர் நான்கில் ஒருவர், நாங்கள் ஏழில் சேர்ந்தவர்கள்.

அட்டன் ஸ்டேஷனில் இருந்து தலைமன்னாருக்குப் போகும் ரயிலைத் தோட்டத்து ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஆட்கள் வந்து மேடையில் நிற்பார்கள். ரயில் நகர்ந்தால், சாவு வீட்டில் கேட்பது போன்ற அழுகை பெட்டிக்குள்ளும் வெளியிலும் ஒன்றாக எழும்பும். அப்பாயி ஒரு தகர டப்பாவில் தேயிலைத்தூள் கொண்டுவந்தார். சுங்கத்தில் அதைத் திறக்கச் சொன்னார்கள். ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். அந்த மண்டபம் முகாமில்தான் ஒரு காலத்தில் இலங்கை அரசு தோட்டத்துக்குப் போகும் ஆட்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்திருந்தது. எங்கள் ஆட்கள் பலர் அந்த வழியாகப் போனார்கள், நாங்கள் அதே வழியாகத் திரும்பினோம். சிலருக்கு வியாபாரக் கடன், சிலருக்கு ரப்பர் தோட்டம் என்று பிரித்து அனுப்பினார்கள். எங்களுக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் கிடைத்தது. கொழுந்து எடுக்கத் தெரிந்த கைகளுக்குக் கொழுந்தே கிடைத்தது. அந்த மட்டில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். கடனை வாங்கி, முன்பின் தெரியாத ஊரில் கடை வைத்து, எல்லாம் தொலைத்துவிட்டுக் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டக் கொத்தடிமையாகப் போனவர்களும் உண்டு.

நாங்கள் புறப்பட்ட காலம் பஞ்சகாலம். 1973, 74-ல் உலகச் சந்தையில் எண்ணெய், தானிய விலை எகிறியது. கையில் அந்நியச் செலாவணி இல்லாத அரசு இறக்குமதியைக் குறைத்தது. கூப்பன் அரிசியும் மாவும் சுருங்கின. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகச் சோதனைச் சாவடி. எல்லோரும் கஷ்டப்பட்டார்கள். ஆனால் சிங்களக் கிராமத்து ஆளுக்கு மரவள்ளி ஊன்றக் கொஞ்சம் நிலம் இருந்தது. லயத்து ஆளுக்கு வாசற்படிக்கு வெளியே இருந்த மண்கூடத் தோட்டத்துடையது. கோதுமை மாவு ரொட்டியை நம்பி வாழ்ந்தவர்களுக்கு மாவு இல்லை, தோட்டத்தில் வேலை நாளும் குறைந்தது. தோட்டப் பகுதிகளில் இறப்பு கூடியதை அரசின் புள்ளிவிவரங்களே காட்டின. இந்தியா போக மனமில்லாமல் இருந்தவர்கள் பலர் அந்தப் பசியில்தான் மனம் மாறினார்கள்.

அதே இறக்குமதித் தடையால் யாழ்ப்பாணத்து விவசாயி தழைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராமல் நின்றதும், வடக்கின் செம்மண்ணில் விளைந்ததற்கு நல்ல விலை கிடைத்தது. அந்தக் காலத்தில் கல்வீடு கட்டிய குடும்பங்கள் அங்கே உண்டு. அதே வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தமிழ் மாணவர்களிடம் கூடுதல் மதிப்பெண் கேட்ட பல்கலைக்கழகத் தரப்படுத்தல் கதவைச் சாத்தியது. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்தது, சிறுபான்மையோருக்கு இருந்த காப்பு விதியை எடுத்துவிட்டது. 1976 ஆகஸ்டில் கொழும்பில் உலகத் தலைவர்கள் கூடுவதற்கு மூன்று மாதம் முன்பு, வட்டுக்கோட்டையில் தமிழர் தலைவர்கள் தனிநாடு கேட்டுத் தீர்மானம் போட்டிருந்தார்கள். தெற்கிலும் நிலைமை நல்லதாக இல்லை. 1971-ல் அரசை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள்.

இன்னொரு பக்கம் நிலச் சீர்திருத்தம். 1972 சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது. சிறிமாவோ பிறந்த ரத்வத்தை குடும்பமும் புகுந்த பண்டாரநாயக்க குடும்பமும் பெரிய நிலக்காரர்கள். சொந்தக்காரர் நிலத்தையும் விடாமல் எடுத்தார். 1975-ல் வெள்ளைக்காரக் கம்பெனித் தோட்டங்களும் அரசுக்கு வந்தன. பல ஆண்டு கழித்து அத்தையைப் பார்க்கப் போனபோது, வழியில் தேநீர் குடித்த ஒரு கடையில் சிறிமாவோவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. தன் அப்பாவுக்கு நிலம் கிடைத்தது அந்த மாத்தினியால்தான் (அம்மையாரால்தான்) என்று கடைக்காரர் உடைந்த தமிழில், கண்கள் பளபளக்கச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அப்படி எடுத்த தோட்டங்கள் சிலவற்றிலிருந்து எங்கள் ஆட்கள் விரட்டப்பட்டு, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். 1977-ல் தோட்ட நிலத்தைப் பிரித்துக்கொடுப்பதை எதிர்த்த டெவன் தோட்டப் போராட்டத்தில் சிவனு லட்சுமணன் என்ற தொழிலாளி போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார். ஒருவருக்குக் கிடைத்த நிலமும் இன்னொருவர் இழந்த லயமும் ஒரே சட்டத்தின் விளைவு.

அத்தையிடம் இதையெல்லாம் பேசினேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டவர் சொன்னார்: "அந்தம்மா போட்ட கையெழுத்துலதான் புள்ள நீ வாத்தியாரம்மா ஆன. நா இங்க கடைசி வரைக்கும் கொழுந்து எடுத்தேன். இதுல யாருக்கு நல்லது, யாருக்குக் கெட்டதுன்னு எப்படிச் சொல்றது?"

அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. தமிழ்நாட்டின் இலவசக் கல்வியும் சத்துணவும் எங்களை நிமிர்த்தின என்பது நிஜம். ஆனாலும், பின்னால் கிடைத்த நன்மையைக் கொண்டு அந்தக் கையெழுத்தை நியாயப்படுத்த நான் ஒப்பமாட்டேன். கையெழுத்துப் போட்ட மேசையில் எங்கள் ஆட்கள் எவரும் இல்லை. இரண்டு பிரதமர்களும் நல்லெண்ணத்தோடுதான் பேசியிருக்கலாம். சாஸ்திரியின் எளிமையை நான் வகுப்பில் மனமாரப் புகழ்ந்திருக்கிறேன். ஆனால் ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் ஒருவரையும் கேட்காமல் அவர்களைப் பங்கு போட்டார்கள். அங்கே எங்களுக்கு வாக்கு இல்லாததால் கொழும்பில் யாருக்கும் நாங்கள் பொருட்டில்லை, டெல்லிக்கு நாங்கள் வெளியூர் ஆட்கள். ஆகவே எந்த நாட்டின் தேர்தலிலும் அந்த ஒப்பந்தத்துக்காக எவரும் எங்களிடம் பதில் சொல்ல வேண்டி வரவில்லை. ஒரு பிரதமரின் பெயரை உலகம் எப்படிச் சொல்கிறது என்பதையும் உள்நாட்டு வாக்காளர் எப்படிச் சொல்கிறார் என்பதையும் மட்டும் கேட்டால், இந்த இரண்டிலும் சேராதவர்கள் விடுபட்டுப் போகிறார்கள். நான் அவர்களையும் கேட்கச் சொல்கிறேன்.

வாக்காளர் 1977-ல் தீர்ப்பளித்தார்கள். சிறிமாவோவின் கட்சிக்கு எட்டு இடம்தான் கிடைத்தது. 1980-ல் ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு அவருடைய குடியியல் உரிமைகளை ஏழு ஆண்டுக்குப் பறித்தது. நாடாளுமன்ற உறுப்பினர் பதவியும் போனது. அது அநியாயம். ஓர் ஆளின் வாக்கைப் பறிப்பது என்னவென்று தெரிந்த சமூகத்திலிருந்து வந்தவள் நான், அதைக் கொண்டாட எனக்கு மனம் வராது. 1994-ல் மகள் சந்திரிகா ஜனாதிபதியானபோது அவர் மூன்றாம் முறை பிரதமரானார். 2000 அக்டோபர் 10, பொதுத்தேர்தல் நாளன்று, வாக்களித்துவிட்டுத் திரும்பும் வழியில் உயிர் பிரிந்தது.

ஒப்பந்தம் சொன்ன 15 ஆண்டுக்குள் வேலை முடியவில்லை. 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்த பிறகு, உள்நாட்டுப் போரால் 1984-ல் கப்பல் நின்றது. பதிவானவர்கள் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். அங்கே நாடற்றவராக எஞ்சியிருந்தவர்களுக்கு 1988-லும் 2003-லும் வந்த சட்டங்களால் குடியுரிமை கிடைத்தது. ஆனால் 1983 கலவரத்துக்குப் பிறகு தாங்களாகவே படகேறித் தமிழ்நாட்டுக்கு வந்த, எங்களைப் போன்ற மலையகத் தமிழர்கள் அகதி முகாம்களில் சிக்கிக்கொண்டார்கள். அப்படிப்பட்ட 65 பேர் மதுரையில் உயர் நீதிமன்றக் கிளையை அணுகினார்கள். அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி 2019-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது. தாங்கள் இந்திய வம்சாவளியினர் என்பதுதான் அவர்களுடைய வாதம். 1964-ல் டெல்லியில் கையெழுத்தானபோது அந்த இரு அரசுகளும் ஒப்புக்கொண்ட விஷயம் அது.