புலன்களும் அதிகாரமும்: பட்டறைகளில் தாளம், தொடுகை, வாசனை

மனிதப் புலன்கள் இயற்கை அப்படியே தந்தவையல்ல, வரலாறு அவற்றைப் பழக்கி உருவாக்கியிருக்கிறது என்பது மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் வைக்கும் வாதம். கவிதை பற்றிப் பேசும்போது இதைச் சொல்லிக்கொள்ளும் நாம், காது கேளாத ஒருவர் முன் நிற்கையில் மறந்துவிடுகிறோம். 'பாவம், அதுக்குப் பாட்டு எதுக்கு?' என்று ராஜபாளையத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். 'அது' என்று சுட்டப்பட்டவருக்கு வயது இருபத்தைந்து. அந்த அஃறிணையில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

ஒலி என்பது அதிர்வு. காது அதன் ஒரு வாசல், அவ்வளவுதான். ஸ்காட்லாந்தின் தாளக் கலைஞர் ஈவ்லின் கிளென்னி (பிறப்பு 1965) பன்னிரண்டு வயதுக்குள் செவித்திறனைப் பெரிதும் இழந்தவர். செருப்பில்லாமல் மேடையில் நின்று வாசிக்கிறார். தாழ்ந்த ஒலிகளைக் காலிலும் பாதத்திலும், உயர்ந்தவற்றை முகத்திலும் கழுத்திலும் உணர்வதாக எழுதியிருக்கிறார். கேட்டலைத் தொடுதலின் ஒரு வகையாகவே அவர் பார்க்கிறார். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக் கூடத்தில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல. தறி அடிக்கிற அடி உள்ளங்காலில் தெரியும். பட்டறையில் நாங்கள் செய்வதும் இதுதான்: ஊதிய பலூனை நெஞ்சோடு அணைத்துக்கொள்வது, டிரம் வைத்த மரப்பெஞ்சில் கையை ஊன்றுவது.

எந்த டிரம் என்பது அடுத்த கேள்வி. 'இசை சிகிச்சை' என்றதும் வீணையும் புல்லாங்குழலும் வந்துவிடுகின்றன, பறை வருவதில்லை. தீயில் காய்ச்சிய தோலின் அதிர்வு எலும்புவரை இறங்கும்; தாளத்தை உடலால் வாங்குகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான கருவி அரிது. 'சாவு மேளம்' என்று அதை ஒதுக்கி வைப்பது சாதியே தவிர மருத்துவம் அல்ல.

ஸ்ரீவில்லிபுத்தூர் வேறொன்றைக் கற்றுத் தருகிறது. ஆண்டாள் கோயிலின் அரையர் சேவையில் ஒரே பாசுரம் பாட்டாக, கைத்தாளமாக, அபிநயமாக, விளக்கவுரையாக வருகிறது. ஒரு வாசல் அடைத்திருந்தால் மற்றொன்று திறந்திருக்கிறது. பட்டறைக்கான இலக்கணமே இதுதான். ஆனால் அரையராக நிற்கும் உரிமை பரம்பரைக்குள் அடைபட்டது. முறையை எடுத்துக்கொள்வோம், காவலை விட்டுவிடுவோம்.

பார்வையும் செவியும் இல்லாதவருக்குப் பொருளும் வாசனையும் மொழியாகின்றன. கையில் பஞ்சைக் கொடுத்தால் 'இப்போது தொடுகை வேலை'. பால்கோவா வாசனை வந்தால் 'முடிந்தது, சாப்பிடலாம்'. ஒவ்வொரு நாளும் அதே வரிசை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவர் பயப்படமாட்டார். அவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. நம் கையை அவர் கைக்குக் கீழே வைக்க வேண்டும். அப்போது விலக்கிக்கொள்ளும் சுதந்திரம் அவரிடமே இருக்கும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 1970களில் நெதர்லாந்தில் ஹுல்செக்கெ, வெர்ஹூல் என்ற இருவர், கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக ஒளி, ஒலி, வாசனை, தொடுகை நிறைந்த அறைகளை உருவாக்கினார்கள். 'ஸ்னூசலன்' என்று பெயர். நோக்கம் நல்லது. ஆனால் இன்று அதே யோசனை விலையுயர்ந்த சாமான்களின் சந்தையாகவும் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள சிலருக்குப் பலத்த ஒலி வலியாகவே தைக்கும். காதைப் பொத்திக்கொண்டு வெளியேறுபவரை 'ஒத்துழைக்கவில்லை' என்று குறித்து வைக்கிற பட்டறை, ஃபூக்கோ சொன்ன ஒழுங்குபடுத்தும் நிறுவனங்களில் இன்னொன்று. வேண்டாம் என்பதும் ஒரு பதில்தான்.

1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. அதன் 29ஆம் பிரிவு பண்பாட்டு வாழ்வை உரிமையாகப் பேசுகிறது. சலுகை வேறு, உரிமை வேறு. சலுகை ஆளை அமைதிப்படுத்தப் பார்க்கும். உரிமை அவர் சத்தம் போட இடம் கேட்கும். எந்தப் பட்டறையையும் நான் அளப்பது ஒரே கேள்வியால்: தாளத்தை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று அங்கே முடிவு செய்வது யார்?