பிள்ளைகளோடு பயணம் – 9: ஒரு பொட்டலம், ஒரு லிட்டர்

கொதித்தாறிய நீர், கை கழுவுதல், வழியில் வாங்கித் தரக்கூடாத தின்பண்டங்கள் ஆகியவை முந்தைய இதழ்களில் வந்துவிட்டன. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரத்துக்கென அறிவிக்கப்பட்டது மலைப்பாதை வாந்தி. ஆனால் வாந்தி என்றதுமே, உடல் இழந்த நீரை எதைக் கொண்டு ஈடுகட்டுவது என்ற கேள்வி முந்திக்கொள்கிறது. அதற்கு விடையாக மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைத் தூளின் வரலாறோ மலைப்பாதையைச் சற்றுக் காத்திருக்கச் செய்யும் அளவுக்குச் சுவையானது.

சுற்றுலாவின் இரண்டாம் நாளில் குடும்பத்தில் எல்லோருக்கும் வயிறு கலங்கினாலும், ஆபத்து எல்லோருக்கும் ஒன்றன்று. பத்து கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தை அரை லிட்டர் நீரை இழந்தால் அதன் எடையில் 5 விழுக்காடு போய்விடுகிறது. அறுபது கிலோ எடையுள்ள தந்தைக்கு அதே அரை லிட்டர் 1 விழுக்காட்டைக்கூட எட்டுவதில்லை. தந்தை ஒரு சோடாவோடு சமாளித்துவிடும் பேதி, மடியில் இருக்கும் பிள்ளையை மாலைக்குள் துவளச் செய்துவிடும்.

இழந்த நீரை வெறும் நீரால் ஈடுகட்ட முடியாமைக்குக் காரணம் சிறுகுடலின் அமைப்பில் இருக்கிறது. குடற்சுவரின் செல்களில் குளுக்கோசையும் சோடியத்தையும், அதாவது உப்பின் ஒரு கூறையும், ஒருசேர உள்ளே இழுக்கும் புரதங்கள் உள்ளன. இரண்டும் சேர்ந்து உள்ளே செல்லும்போது நீரும் அவற்றைத் தொடர்ந்து உடலுக்குள் செல்கிறது. 1960ஆம் ஆண்டு ப்ராக் நகரில் நடந்த கூட்டமொன்றில் ராபர்ட் கிரேன் என்ற அறிவியலாளர் விளக்கிய இந்த இணைவழி, காலராவின்போதும் அடைபடுவதில்லை என்பதுதான் வியப்பு. குடல் நீரை வெளியே கொட்டிக்கொண்டிருக்கும் வேளையிலும் இந்த ஒரு வாசல் திறந்தே இருக்கிறது.

இந்த உண்மை ஆய்வுக்கூடத்தைத் தாண்டிப் பெருந்திரளான மக்களிடம் சோதிக்கப்பட்டது 1971இல், வங்கதேசப் போரின் அகதிகள் வந்து குவிந்த மேற்கு வங்கத்து எல்லை ஊரான போங்காவில். அங்கே காலரா பரவி, நரம்பு வழியாக ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோகும் நிலை வந்தபோது, குழந்தை மருத்துவரான திலீப் மகலனபிஸ் வாய்வழிக் கரைசலைப் பெருமளவில் கொடுக்கத் துணிந்தார். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சமையல் உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா என்று கல்கத்தாவில் நிறுத்து, பிளாஸ்டிக் பைகளில் இட்டு, வாயைச் சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி அனுப்பினார்கள். லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. முகாமில் அக்கரைசலைப் பீப்பாய்களில் கலக்கிவைக்க, நோயாளியின் தாயோ உறவினரோ மொண்டு ஊட்டினார்கள். 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. 1978இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இந்த இணைவழிக் கண்டுபிடிப்பை நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடியது என்று எழுதியது. மகலனபிஸுக்கு நாடு பத்ம விபூஷண் அளித்தது 2023இல், அவர் இறந்து சில மாதங்கள் கழித்து. சற்றும் அவசரப்படாத நாடு இது.

உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் திருத்தியமைத்த இன்றைய தூளில் குளுக்கோஸ் பதின்மூன்றரை கிராம், சமையல் உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு ஒன்றரை கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், ஆக இருபதரை கிராம். இது ஒரு லிட்டர் நீருக்கு உரியது. பயணத்தில் நேரும் பெரும்பிழை, பொட்டலத்தில் பாதியைக் கண்ணளவாக ஒரு டம்ளர் நீரில் கொட்டுவதே. அடர்த்தி மிகுந்த கரைசல் உடலின் நீரையே குடலுக்குள் இழுப்பதால் பேதி கூடும். இதற்கான அளவுகோல் ரயில் நிலையத்திலேயே விற்கிறது: முத்திரை உடையாத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். அதிலிருந்து ஒரு டம்ளர் நீரைத் தூய டம்ளரில் எடுத்துவைத்து, தூள் முழுவதையும் பாட்டிலில் இட்டுக் குலுக்கிக் கரைத்தபின், எடுத்த நீரைத் திரும்ப ஊற்றினால் அளவு பிசகாது. சிறு பொட்டலமாயின் அதன்மேல் அச்சிட்டுள்ள அளவே கணக்கு. கரைத்தது 24 மணி நேரத்துக்குப் பின் கீழே கொட்டப்பட வேண்டியது.

இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லிலிட்டர், அதுவும் பாலாடையாலோ கரண்டியாலோ நிமிடத்துக்கொரு வாய் என்ற கணக்கில் தரப்படுகிறது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடரலாம். வயிற்றைக் காயப்போடும் பழைய வழக்கம் தீங்கானது; தாய்ப்பாலும் வழக்கமான உணவும் நிற்கக்கூடாது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு என்பதால் அது இக்கரைசலுக்கு ஈடாகாது. பழச்சுவை பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி விற்கப்படுவதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில்தான் தடைசெய்தது. அந்த உறையைப் பார்த்து ஏமாந்த பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. குழி விழுந்த கண், கண்ணீரில்லாத அழுகை, ஆறு மணி நேரமாக நனையாத உள்ளாடை, கிள்ளிவிட்டால் உடனே படியாத வயிற்றுத் தோல், மலத்தில் இரத்தம், எழுப்பினாலும் விழிக்காத உறக்கம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைய ஊர்சுற்றலைக் கைவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வழியிலும் கரைசல் தொடரலாம்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழு வயது அக்காள் குமட்டித் துவள, ஒன்றரை வயதுத் தம்பி அதே இருக்கையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வருவது ஏன் என்பது அடுத்த வாரம்.