படுக்கையருகே ஓர் உளவு நாவல்

1914ஆம் ஆண்டின் பிற்பகுதியில், முன்சிறுகுடல் புண்ணால் படுக்கையில் இருந்த ஜான் பக்கன் என்னும் ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஒரு கதையை எழுதத் தொடங்கினார். 1915இல் வெளிவந்த அந்நூலே ‘தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்’. ஓட்டமும் துரத்தலும் நிறைந்த அந்த உளவு நாவலை, நடமாட முடியாத ஒருவர் மனத்தால் ஓடிய ஓட்டம் எனலாம்.

ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, 1974இல் வெளிவந்த ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’ முற்றிலும் வேறு வகையானது. அதை எழுதிய ஜான் லே கார்ரே, பிரிட்டன் உளவுத்துறையில் பணியாற்றியவர். அவருடைய நாயகர் ஜார்ஜ் ஸ்மைலி, குள்ளமான, பருத்த, மூக்குக்கண்ணாடி அணிந்த மனிதர், பணியிலிருந்து ஒதுக்கப்பட்டவர். உளவுத்துறையின் உயர்மட்டத்திலேயே அமர்ந்து பகைவருக்குச் செய்தி அனுப்பும் ஒருவரைக் கண்டறியும் பொறுப்பு அவரிடம் வருகிறது. அவர் லண்டனில் ஒரு சிறு விடுதி அறையில் இரவெல்லாம் பழைய கோப்புகளைப் படிக்கிறார். பழைய தோழர்களைச் சந்தித்து, அவர்கள் சொல்வதைப் பொறுமையுடன் கேட்கிறார்.

இருளும் சிக்கலும் நிறைந்த இத்தகைய கதை நோயுற்றவருக்கு ஏற்றதா என்று குடும்பத்தார் தயங்குவது இயல்பே. ஆனால், பாதிச் செய்தியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மீதிக்காகக் காத்திருப்பது எத்தகையது என்பதைப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவரைவிட நன்கு அறிந்தவர் யார்? எல்லாம் நன்றாகவே முடியும் என்று இந்நாவல்கள் உறுதி கூறுவதில்லை. ஆயினும், தெளிவு பிறக்கும்வரை ஒரு மனிதர் நிதானம் இழக்காமல் இருக்க முடியும் என்பதைக் காட்டுகின்றன. சிலருக்கு, வெறும் தேறுதல் மொழிகளைவிட இதுவே பெரிய துணையாகிறது.

இவற்றை வாசிப்பதற்குச் சில எளிய வழிகள் உள்ளன. கதைமாந்தர் பெயர்களை ஒரு தாளில் குறித்து, நூலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளைக்குச் சில பக்கங்கள் போதும். கண் சோர்ந்தால், உடனிருப்பவர் உரக்க வாசிக்கலாம். ‘இவர் நல்லவரா, வஞ்சகரா?’ என்று இருவரும் பேசிக்கொள்ளும்போது, நோயைப் பற்றியல்லாத ஓர் உரையாடல் அந்த அறைக்குள் நுழைகிறது. கதை மனத்தைக் கலக்கினாலோ உறக்கத்தைக் கெடுத்தாலோ, தயங்காமல் மூடி வையுங்கள். படித்தது மனத்தில் நிற்கவில்லையெனில் உங்களை நொந்துகொள்ள வேண்டாம். அறுவை சிகிச்சைக்குப் பின்னரும், சில மருந்துகளாலும் கவனம் குறையக்கூடும். குழப்பம் திடீரெனத் தோன்றினால் செவிலியரிடம் உடனே கூறுங்கள்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறவாதீர்கள். ஸ்மைலி தம் ஐயங்களை மறைத்துக்கொண்டுதான் வினவ வேண்டும். யாரை நம்புவது என்பதே அவருக்குத் தெரியாது. உங்களுக்கு அந்த நிலை இல்லை. உங்கள் நோயைப் பற்றிய கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மருத்துவரிடம் நேரடியாகவே கேட்கலாம். புரியாவிட்டால் மீண்டும் கேட்கலாம். பெயர்களைக் குறித்த அந்தத் தாளின் மறுபக்கத்தில், நாளைய சந்திப்பில் கேட்க வேண்டிய வினாக்களை எழுதி வையுங்கள்.