காலி டின்னில் காய்கறி – விதை விற்போர் கவனத்திற்கு

எண்ணெய் தீர்ந்த 15 கிலோ டின்னைப் பழைய இரும்புக்குப் போடுவது நம் வழக்கம். இப்போது வாடிக்கையாளர்களே அதைக் கேட்டு வாங்குகிறார்கள், மாடியில் செடி வைக்க. கூடவே "விதை இருக்கா?" என்றும் கேட்கிறார்கள். சில்லறைக் கடைக்காரர்களுக்கு இது நல்ல வியாபாரம்தான். ஆனால் கவனம் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தங்கிப்போன வெண்டை விதைப் பாக்கெட்டுகளை ஒரு கடைக்காரருக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வந்தார். "அண்ணாச்சி, பத்து விதைக்கு ஒண்ணுகூட முளைக்கலயாம். அந்தம்மா இப்ப பருப்பு வாங்கவும் வேற கடைக்குப் போறாங்க" என்றார். பாக்கெட் பணத்தைத் திருப்பித் தந்தேன். போன வாடிக்கையைத் தர முடியவில்லை.

அன்று முதல் விதைக்கும் சாம்பிள் பார்க்கிறேன். பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி, காயாமல் ஒரு வாரம் வைத்தால் போதும். ஏழெட்டு முளைத்தால் விற்கலாம். இரண்டு மூன்றுதான் என்றால் குப்பைக்குத்தான். மிளகாய், கத்தரி முளைக்க இன்னும் சில நாள் கூடுதலாகும். வெங்காய விதை சீக்கிரம் வீரியம் இழக்கும்.

விதை விற்க 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உரிமம் தேவை. பாக்கெட்டில் முளைப்புத் திறன், பரிசோதனைத் தேதி, காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். மருந்து கலந்த விதையை உணவுப் பொருள்களோடு ஒரே அலமாரியில் வைக்கவே கூடாது.

வாங்குபவருக்கு நாலு வார்த்தை சொல்லியும் அனுப்புங்கள். டின்னின் அடியில் நாலைந்து துளை போட வேண்டும். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் சம அளவில் கலக்கலாம். விதையின் பருமனைப் போல் இரண்டு மடங்கு ஆழம் போதும். வெண்டை, அவரையை நேரடியாக ஊன்றலாம். தக்காளி, கத்தரி, மிளகாயை நாற்று விட்டுப் பிடுங்கி நடவேண்டும். வெயிலில் தகரம் சுடும். சுற்றிலும் சாக்கு கட்டி, செங்கல் மேல் வைக்கச் சொல்லுங்கள்.

முதல்முறை செய்பவருக்கு நம் கடை வெந்தயமே போதும். மூன்று வாரத்தில் கீரை பறிக்கலாம். முழு மல்லியை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும்.

பருப்பு பழசானால் வேக நேரமாகும், அவ்வளவுதான். விதை பழசானால் வாங்கியவரின் உழைப்பும் ஒரு பட்டமும் வீண். தேதி பார்த்து விற்போம், நம்பிக்கையைக் காப்போம்.