பூக்கடை தராத பூ

பூச்சாடிக்கென்று வீட்டில் செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ரோஜாவில்தான் தொடங்குகிறார்கள். நர்சரியில் பூவோடு நிற்கும் ஒட்டுச்செடி மாடிக்கு வருகிறது. இரண்டு மாதத்தில் இலைப்பேனும் கரும்புள்ளியும் பிடிக்க, 'நமக்குக் கைராசி இல்லை' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடையில் கிடைக்கும் நீளத் தண்டு ரோஜாவில் பெரும்பகுதி ஓசூர் வட்டாரத்தில் விளைவது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், குளிர்ந்த இரவுகள், பசுமைக்குடில், சொட்டுநீரோடு அளந்து போகும் உரம், தவறாத மருந்தடிப்பு என இத்தனையும் சேர்ந்து உருவாக்கும் பூ அது. 'தாஜ்மகால்' என்ற சிவப்பு ரகம் பிப்ரவரி 14-ஐக் கணக்குவைத்தே கவாத்து செய்யப்பட்டு, வெட்டப்பட்டு, விமானம் ஏறுகிறது. சென்னையிலோ மதுரையிலோ வெயில் காயும் மொட்டைமாடித் தொட்டியில் அந்தப் பூவோடு போட்டி போடுவது வீண்வேலை. வீட்டில் வளர்க்க வேண்டியது, பூக்கடையால் தர முடியாத பூவை.

அப்படியொரு பூ உண்டா என்று கேட்கலாம். நிறையவே உண்டு. கொய்மலர் வணிகத்தில் ஒரு பூ நிலைக்குமா நிலைக்காதா என்பதை அதன் அழகு தீர்மானிப்பதில்லை. அது தாங்கும் பயணம்தான் தீர்மானிக்கிறது. ரோஜாவும் கார்னேஷனும் உறைநிலையை ஒட்டிய குளிர்அறையில் கிடந்து, அட்டைப்பெட்டிக்குள் தண்ணீரில்லாமல் பயணப்பட்டு, மறுபடி தண்ணீரில் வைத்ததும் நிமிர்ந்துவிடும். ஜீனியாவைக் குளிர்அறையில் வைத்தால் கெட்டுப்போகும். அதன் உள்ளீடற்ற தண்டு பெட்டிக்குள் அழுந்தினால் கழுத்து தொங்கிவிடும். காஸ்மாஸ் இதழ் தொட்டாலே கசங்கும். சாடியில் நாலைந்து நாள் நிற்கும் பூவுக்குப் பயணத்திலேயே மூன்று நாள் போய்விட்டால் அதை எந்த வியாபாரி வாங்குவார்? ஆகவே கடைக்கு வருபவை முரட்டுப் பயணிகள் மட்டுமே. தாங்கும் நாளையும் தண்டின் நீளத்தையும் பார்த்துப் பார்த்து ரகங்களைத் தேர்ந்ததில், கடை ரோஜாக்கள் பலவற்றில் வாசனை காணாமல் போனது தனிக் கதை. வீட்டுப் பூவுக்கோ மாடிப்படி இறங்கிக் கூடத்துக்கு வரும் தூரம்தான் பயணம். கடையைத் தோற்கடிக்கும் இடம் இதுதான். இதை விட்டுவிட்டு அவர்கள் பலத்தோடு மோதுவானேன்?

எந்தப் பூ என்பதற்கு அடுத்த கேள்வி, எப்போது விதைப்பது. விதைப் பொட்டலங்களிலும் வெளிநாட்டு வீடியோக்களிலும் 'வசந்தத்தில் விதைக்கவும்' என்று இருக்கும். குளிர்நாட்டில் அதற்கு அர்த்தம் உண்டு: கடைசி உறைபனி விலகிய பிறகே அங்கே நாற்று வெளியில் வர முடியும். நமக்கு உறைபனி இல்லை. நம் எதிரி வெயில். நம் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். அக்னி நட்சத்திரம் அதற்கு நடுவில்தான் வருகிறது. அப்போது விதைத்தால் பிஞ்சு நாற்று கருகும். அதனால் இளவேனிலில் பூ வேண்டுமென்றால் விதை மாசி மாதத்திலேயே மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். ஜீனியா ஒரு வாரத்துக்குள் முளைத்து, ஏறத்தாழ அறுபது நாளில் பூக்கும். மாசி முதல் வாரம் விதைத்தால் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி முதல் பூ கிடைக்கும். ஸ்வீட் பீ, பான்சி போன்றவற்றைச் சமவெளிக்காரர்கள் மறந்துவிடுவது நல்லது. உறைபனி விழும் நீலகிரியில் அவை வளரட்டும். மே மாத ஊட்டி மலர்க் கண்காட்சியில் பார்த்துக்கொள்ளலாம். ஜீனியா, காஸ்மாஸ், சம்பங்கி மூன்றுக்கும் தாயகம் மெக்சிகோ. வாடாமல்லியும் அந்தப் பக்கத்து அமெரிக்க மண்ணிலிருந்து வந்ததுதான். வாடாமல்லிக்கும் கோழிக்கொண்டைக்கும் வெயில் ஏற ஏறத்தான் நிறம் கூடும். செவ்வந்தியை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. பகல் குறுகினால்தான் அது மொட்டு வைக்கும். கோடையில் நட்டுவிட்டுப் பூவைத் தேடினால் இலையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

வளர்ப்பில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. செம்மண், மக்கிய எரு, தென்னைநார்க் கழிவு சேர்ந்த கலவை, ஆறு மணி நேர வெயில், இலையில் படாமல் வேரடியில் ஊற்றும் காலைத் தண்ணீர், இவ்வளவு போதும். இலை நனைந்தபடி நெருக்கமாக நின்றால் ஜீனியாவுக்குச் சாம்பல்நோய் வரும். செடிக்குச் செடி ஓரடி விடுங்கள். உண்மையான வித்தை கத்தரிக்கோலில் இருக்கிறது. நாற்று நான்கு அடுக்கு இலை விட்டதும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். மொட்டு வரப்போகும் நேரத்தில் கிள்ளுவதா என்று மனம் ஒப்பாது. ஆனால் கிள்ளாத செடி ஒற்றைத் தண்டாக உயர்ந்து குறைவான பூவையே தரும். கிள்ளிய செடி ஒவ்வொரு கணுவிலிருந்தும் இரண்டு கிளை விடும். பூவை வெட்டும்போதும் அப்படித்தான். பூவுக்குக் கீழே நாலு விரற்கடையில் வெட்டாமல், அடிப்பக்கம் இறங்கிப்போய் ஒரு கணுவுக்கு மேலே வெட்டினால் அடுத்து வரும் தண்டுகள் நீளமாக வரும். எப்போது வெட்டுவது என்பதற்கு ஜீனியாவில் ஓர் எளிய சோதனை உண்டு. பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். கழுத்து துவண்டு ஆடினால் இன்னும் பொறுக்க வேண்டும். குச்சிபோல் விறைப்பாக அசைந்தால் வெட்டலாம். பக்குவமாகாமல் வெட்டிய ஜீனியா சாடியில் மலர்வதில்லை. சம்பங்கிக்கு விதி வேறு: கதிரின் அடியில் இரண்டு மூன்று பூ விரிந்ததும் வெட்டினால் மேலே உள்ள மொட்டுகள் சாடியிலேயே வரிசையாக விரியும்.

செடியிலேயே இருக்கட்டுமே, வெட்டுவது பாவம் இல்லையா என்று பலரும் கேட்கிறார்கள். கரிசனம் நல்லதுதான், ஆனால் செடியின் நோக்கம் வேறு. ஒருபருவச் செடி பூப்பது விதை வைப்பதற்காக. விதை முற்றிவிட்டால் தன் வேலை முடிந்ததென்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். வெட்டிக்கொண்டே இருந்தால் அடுத்த பூவுக்கு முயன்றுகொண்டே இருக்கும். தேனீக்களுக்காக ஒன்றிரண்டு செடிகளை வெட்டாமல் விடலாம். எல்லாவற்றையும் விட்டால் மாதம் திரும்புவதற்குள் பூப்பு தளர்ந்துவிடும். சாடியில் பூ வைப்பது நம் பழக்கமில்லை, நமக்குப் பூ என்றால் சாமிக்கும் தலைக்கும்தான் என்பது இன்னொரு வாதம். தோவாளையும் நிலக்கோட்டையும் உதிரிப்பூவால் வாழும் ஊர்கள் என்பது உண்மை. மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆனால் இது ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்கும் விஷயம் அல்ல. சம்பங்கியைப் பாருங்கள், உதிர்த்தால் மாலைக்கு, கதிராக வெட்டினால் சாடிக்கு. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட 'பிரஜ்வல்' ரகம் இரண்டுக்கும் பொருந்துவது.

எளிதில் தள்ள முடியாத ஆட்சேபம் தண்ணீர். குடங்களோடு லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வது நியாயமா? நியாயமில்லை, அப்படிப்பட்ட ஆண்டில் வாடாமல்லியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். மற்றபடி அரிசி களைந்த நீரும், ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரும், மண்ணின் மேல் பரப்பிய காய்ந்த இலையும் சேர்ந்தால் ஐந்தாறு தொட்டிகளைக் காப்பாற்றிவிடலாம். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரை மட்டும் தொட்டியில் தொடர்ந்து ஊற்றாதீர்கள். உப்பு தங்கி வேர் கெடும்.

வெட்டிய பிறகும் பாதி வேலை மிச்சம் இருக்கிறது. விடிகாலையில் வெட்டி, நேராக வாளித் தண்ணீரில் நிறுத்தி, நீருக்குள் அமிழும் இலைகளை உருவி எறிய வேண்டும். சர்க்கரை போட்டால் பூ தங்கும் என்பது அரை உண்மை. வெறும் சர்க்கரை பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. அது பெருகித் தண்டின் நீர்க்குழாயை அடைத்துவிடும். தினம் தண்ணீரை மாற்றி, தண்டின் நுனியைச் சிறிது நறுக்கினாலே ஜீனியா ஒரு வாரம் நிற்கும். மாம்பழக் கூடைக்குப் பக்கத்தில் சாடியை வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பல பூக்களைச் சீக்கிரம் வாட்டும்.

முதல் ஆண்டில் ஜீனியாவும் வாடாமல்லியும் மட்டும் போதும். சம்பங்கிக் கிழங்கை மாசியில் ஊன்றினால் பூக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது, பக்கக் கிழங்குகளே அடுத்த கதிரைத் தரும் என்பதால் பூ முடிந்ததும் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். ரோஜா வேண்டுமென்றால் ஓசூர் ரோஜாவைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஓசூர்க்காரர்கள் நம்மைவிட நன்றாகவே வளர்க்கிறார்கள்.