ஷேர் ஆட்டோவில் வரும் குரல்

வீட்டுக் கணினியில் பாட்டுப் பதியலாம் என்று முதன்முதலாக உட்கார்ந்த இரவு, ஒரு வரிகூட உருப்படியாகப் பாடவில்லை. மைக்கில் பாடினால் ஹெட்போனில் என் குரலே சற்றுப் பின்தங்கி வந்தது. அதற்காக நான் இழுத்தேன், அதுவும் இழுத்தது. தாளம் போயே போய்விட்டது. மைக் மட்டம், கணினி பழசு என்று எல்லாவற்றையும் திட்டித் தீர்த்து, புதிதாக வாங்க விலைகூடப் பார்த்துவிட்டேன். கோளாறு இருந்ததோ, மென்பொருளின் அமைப்புகளில் ஓர் எண்ணில்: 1,024.

மைக்குக்குள் நுழைவது காற்றின் அதிர்வு. கணினிக்குத் தெரிந்தது எண் மட்டும். ஆகவே அதிர்வை நொடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக்குகிறார்கள். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அலையைப் பிசகாமல் திரும்ப எழுப்ப, அதன் இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். சரி, 40,000-க்கு மேல் அந்த உதிரி எதற்கு? வீடியோ நாடாவின் எச்சம் அது. ஒலியை எண்களாகச் சேமிக்க ஆரம்ப காலத்தில் வீடியோ ரெக்கார்டர்தான் தோதாக இருந்தது. திரையில் நொடிக்கு 60 முறை படம் வரையப்படும். ஒவ்வொரு முறையும் எண்களுக்குப் பயன்பட்ட கோடுகள் 245. கோட்டுக்கு 3 எண். பெருக்கிப் பாருங்கள். 1982-இல் சி.டி. வந்தபோது அதே கணக்கு ஒட்டிக்கொண்டது.

இந்த எண்கள் ஒவ்வொன்றாகக் கணினியின் செயலிக்குப் போவதில்லை. ஷேர் ஆட்டோ மாதிரி, ஆள் நிரம்பினால்தான் வண்டி கிளம்பும். அந்த வண்டிக்குப் பஃபர் என்று பெயர். 1,024 இருக்கை என்றால் நிரம்பவே 23 மில்லிநொடி. ஹெட்போனுக்குத் திரும்பி வர இன்னொரு வண்டி, ஆக 46. வழியில் டிரைவர் (மென்பொருளைத்தான் சொல்கிறேன்) டீ குடிக்க நிறுத்தினால் இன்னும் கூடும்.

இருக்கையை 128 ஆகக் குறைத்தேன். போகவர 6 மில்லிநொடிகூட ஆகாது. அந்த நேரத்தில் ஒலி காற்றில் இரண்டு மீட்டர் போகும். கச்சேரி மேடையில் மிருதங்கம் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் பாடகருக்கு அதே தாமதம்தான்; யாரும் குறைப்பட்டுக்கொள்வதில்லை. ஒரேயடியாக 32-க்கு இறக்கினால்? ஓயாத சின்னச் சின்ன நடையில் செயலிக்கு மூச்சு வாங்கி, பாட்டில் படபடவென்று பொரிகிற சத்தம் வரும். அதனால் பாடும்போது சின்ன வண்டி. பதிந்து முடித்து எதிரொலி சேர்க்கும்போது பெரிய வண்டி.

இன்னொன்று. சத்தமாகப் பதிந்தால்தான் நன்றாக இருக்கும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிட்டது என்று பொருள், அது திரும்பாது.

கீபோர்டு வாசிக்கிறவர்களுக்கு மிடி இருக்கிறது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேச 1983-இல் வந்த பொதுமொழி. அதில் ஒலியே கிடையாது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற குறிப்பு மட்டும். வாசித்த பியானோவைப் பிறகு வயலினாக மாற்ற முடிவது இதனால்தான். நடு சி-க்கு எண் 60, அடுத்த கட்டைக்கு 61. இரண்டுக்கும் நடுவே கட்டை இல்லை. நம் கமகம் குடியிருப்பதோ அங்கேதான். அதற்குக் கீபோர்டின் இடது ஓரத்தில் ஒரு சக்கரம் உண்டு. பெரும்பாலும் மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு. அந்த வீச்சை மிடி 16,384 படிகளாகப் பிரிக்கிறது. எண்ணுக்குப் பஞ்சமில்லை, பழக வேண்டியது விரல். தோடியின் காந்தாரத்துக்காக ஒரு மாலை முழுக்க அதை உருட்டினேன். சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: “அந்தக் கதவுக்குக் கொஞ்சம் எண்ணெய் போடேன்டா.”